எடை 17 கிலோ குறைந்தது, மாத்திரை குறையவில்லை: எழுந்து நின்றால் சரியும் ரத்த அழுத்தம் – ஒரு நிகழ்வு ஆய்வு

பிரஷர் மாத்திரை சாப்பிடும் ஒருவர் எடையைக் கணிசமாகக் குறைத்தால் ரத்த அழுத்தமும் கூடவே இறங்கும். அதற்காகத்தான் எடையைக் குறைக்கச் சொல்கிறோம். 96 கிலோவில் எழுதிய மருந்துச் சீட்டை 79 கிலோவிலும் ஒரு எழுத்து மாறாமல் தொடர்ந்தால், அந்த நல்ல பலனே ஆளைக் கீழே தள்ளிவிடும். அப்படி விழுந்தவருக்கு வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் கிடைக்கும் முதல் ஆலோசனை, "டயட்டை விட்டுடுங்க, உடம்பு தாங்கல." இரண்டாவது ஆலோசனை, "உப்பு போட்டு நல்லா சாப்பிடுங்க." இரண்டுமே நோயின் வேரைத் தொடவில்லை. குறைக்க வேண்டியது மாத்திரையை.

கீழே வரும் நோயாளி ஒரு குறிப்பிட்ட மனிதர் அல்ல. புறநோயாளிப் பிரிவுகளில் அடிக்கடி காணும் கூறுகளை ஒரே ஆளில் சேர்த்து அமைத்த மாதிரி நிகழ்வு இது. அளவுகளும் பரிசோதனை முடிவுகளும் அந்த மாதிரிக்கு உரியவை.

வந்த நிலை

வயது 52, ஆண், உயரம் 170 செ.மீ. எட்டு ஆண்டுகளாக உயர் ரத்த அழுத்தம், ஐந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மே மாதத்தில் ஒருநாள் விடியற்காலையில் இந்தியன் டாய்லெட்டில் உட்கார்ந்து எழுந்ததும் கண் இருட்டிச் சுவரில் சரிந்து விழுந்தார். நெற்றியில் சிறு வீக்கம். சில விநாடிகளில் தெளிவு வந்துவிட்டது. கை கால் இழுப்பு இல்லை, நாக்கைக் கடித்துக்கொள்ளவில்லை, நெஞ்சு வலியோ படபடப்போ முன்னால் வரவில்லை. ரத்தத்தை இளக்கும் மாத்திரை எதுவும் அவர் எடுப்பதில்லை.

விழுந்தது அன்றுதான் என்றாலும் அறிகுறி மூன்று வாரமாக இருந்தது. கட்டிலிலிருந்து எழுந்தால் கிறுகிறுப்பு, வெந்நீரில் குளித்து வெளியே வந்ததும் கண்முன் பூச்சி பறப்பது, பிற்பகலில் கால் அசந்து போவது. உட்கார்ந்தால், படுத்தால் சரியாகிவிடும். இந்த ஒரு விவரமே பாதி நோயறிதல். அறை சுற்றுவது போன்ற தலைசுற்றல் படுத்த நிலையில் புரளும்போதும் வரும், அது பெரும்பாலும் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பின் கோளாறு. நிற்கும்போது மட்டும் வந்து, உட்கார்ந்ததும் விலகுவது ரத்த அழுத்தத்தைச் சேர்ந்தது.

ஏழு மாதத்தில் எடை 96 கிலோவிலிருந்து 79 கிலோவுக்கு இறங்கியிருந்தது. உடல் நிறைக் குறியீட்டெண் 33.2 இலிருந்து 27.3. மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்த, பேலியோ பாணி உணவு. அரிசி, இட்லி, தோசை கிடையாது. ஊறுகாயும் அப்பளமும் நிறுத்தியாயிற்று, மோரில்கூட உப்பு போடுவதில்லை. "தண்ணி நிறைய குடிக்கணும்" என்று கேள்விப்பட்டதால் நாளைக்கு ஐந்து லிட்டர் வெறும் தண்ணீர். காலை மாலை இரண்டு வேளையும் வேக நடை.

மாத்திரைகள்: டெல்மிசார்ட்டான் 40 மி.கி., அம்லோடிபின் 5 மி.கி., ஹைட்ரோகுளோரோதயசைடு (சிறுநீர் பெருக்கி) 12.5 மி.கி. மூன்றும் அடங்கிய ஒரே பிரஷர் மாத்திரை காலையில் ஒன்று. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் 500 மி.கி. இருவேளை. ஏழு மாதம் முன்பு, உணவு முறை தொடங்கிய அதே வாரத்தில் சேர்த்த இன்னொரு சர்க்கரை மாத்திரை டாபாகிளிஃப்ளோசின் 10 மி.கி. "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று கேட்டபோது இல்லை என்றார். "வலிக்கு ஏதாவது?" என்று தனியாகக் கேட்டபோதுதான் முட்டி வலிக்கு மெடிக்கலில் வாங்கிய அசெக்ளோஃபெனாக் பத்து நாளாக ஓடுவது தெரிந்தது. வலி மாத்திரையை நம் மக்கள் மாத்திரைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

அளந்தது எப்படி

வீட்டுக் கருவியில் 98/60 என்று வந்துகொண்டிருந்தது. மருத்துவமனையில் உட்கார்ந்த நிலையில் 104/66. இந்த வேறுபாட்டுக்குக் கையில் சுற்றும் பட்டையின் அளவும் ஒரு காரணம். எடை கூடியிருந்த காலத்தில் அவர் மேற்கையின் சுற்றளவு 35 செ.மீ. அதற்கேற்பப் பெரிய பட்டை வாங்கியிருந்தார். இப்போது சுற்றளவு 31 செ.மீ. வழக்கமான பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 செ.மீ. வரையிலான கைக்கு. கைக்குப் பெரிதான பட்டை அழுத்தத்தை உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும், சிறிதானது கூட்டிக் காட்டும். எடை குறைத்தவர் முதலில் ஒரு தையல் டேப்பை எடுத்துத் தோள் எலும்புக்கும் முழங்கைக்கும் நடுப்பகுதியில் கையைச் சுற்றி அளந்து, பட்டையில் அச்சிட்டிருக்கும் செ.மீ. வரம்போடு ஒப்பிட வேண்டும். மிகப் பெரும்பாலான வீடுகளில் யாரும் செய்யாத வேலை இது.

உட்கார்ந்து எடுத்த ஒற்றை அளவு இந்த நோயை மறைத்துவிடும். 104/66 என்பதைப் பார்த்து "கொஞ்சம் லோவா இருக்கு, பரவாயில்லை" என்று அனுப்பிவிடுவது எளிது. படுத்தும் நின்றும் அளந்தால்தான் உண்மை வெளிவரும். ஐந்து நிமிடம் மல்லாந்து படுக்க வைத்து ஒருமுறை, எழுந்து நின்ற முதல் நிமிடத்தில் ஒருமுறை, மூன்றாவது நிமிடத்தில் ஒருமுறை. அளக்கும் கை இதயத்தின் மட்டத்தில் தாங்கப்பட்டிருக்க வேண்டும், தொங்கவிட்டால் கணக்கு கூடிப்போகும். விழுந்துவிடக்கூடியவர் என்பதால் பின்னால் கட்டில், பக்கத்தில் ஓர் ஆள்.

படுத்த நிலையில் 112/70, நாடி 74. நின்ற ஒரு நிமிடத்தில் 88/58, நாடி 98. மூன்று நிமிடத்தில் 84/56, நாடி 104. மேல் அளவில் 28, கீழ் அளவில் 14 புள்ளி சரிவு. நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தாலே அது நிற்கும்போது ஏற்படும் தாழ்அழுத்தம்.

நாடியின் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளாமல் விட்டால் இந்தப் பரிசோதனையின் பாதிப் பயன் போய்விடும். அழுத்தம் 28 இறங்கியபோது நாடி 30 ஏறியிருக்கிறது. ஒவ்வொரு புள்ளி சரிவுக்கும் ஒரு துடிப்புக்கு மேல். இந்த விகிதம் அரைக்கும் குறைவாக இருந்தால், அதாவது அழுத்தம் சரிந்தும் நாடி ஏறாமல் இருந்தால், சர்க்கரை நோயால் நாடியையும் அழுத்தத்தையும் தாமாகச் சரிசெய்யும் தானியங்கு நரம்புகள் பழுதாகியிருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். இவருடைய நரம்புகள் தம் வேலையைச் செய்கின்றன. குழாயில் ஓடும் ரத்தத்தின் அளவுதான் குறைந்திருக்கிறது, குழாய்களையும் மாத்திரை தளர்த்தி வைத்திருக்கிறது.

கிறுகிறுப்பு வந்த நேரத்தில் விரலில் குத்திப் பார்த்த சர்க்கரை 108. ஆகவே தாழ்சர்க்கரை இல்லை. சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கக்கூடிய கிளிமிபிரைடு மாத்திரை இவருக்கு இல்லாததால் அந்த ஐயம் முதலிலேயே குறைவு. அந்த மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் எடை குறைத்தால், தலைசுற்றலின் முதல் சந்தேகம் சர்க்கரை மேல்தான் விழ வேண்டும்.

ரத்தப் பரிசோதனை: சோடியம் 130, பொட்டாசியம் 3.3 (இரண்டும் குறைவு), யூரியா 58, கிரியாட்டினின் 1.4. ஏழு மாதம் முன்பு கிரியாட்டினின் 0.9. ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறியிருப்பதால் இது சிறுநீரகத்தின் திடீர்ப் பாதிப்பில் முதல் கட்டம். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 5.9. ஹீமோகுளோபின் 13.2. ஈசிஜி இயல்பு. சிறுநீரில் அல்புமின்-கிரியாட்டினின் விகிதம் 42, அதாவது லேசான அல்புமின் கசிவு. பின்னால் எந்த மாத்திரையைத் தக்கவைப்பது என்று முடிவு செய்ய இந்த 42 தேவைப்பட்டது.

28 புள்ளிகள் எங்கே போயின

எடை குறையும் முன் இதே மாத்திரையில் இவருடைய உட்கார்ந்த அளவு 132/84. இப்போது 104. நின்றபோது சரிந்த 28 வேறு, இது எடை குறைந்த காலத்தில் இறங்கிய 28. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்குப்படி, ஒரு கிலோ எடை குறைந்தால் மேல் அளவு சராசரியாக ஒரு புள்ளி இறங்கும். 17 கிலோவுக்கு ஏறத்தாழ 17. டாபாகிளிஃப்ளோசின் சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும்போது கூடவே உப்பையும் நீரையும் இழுத்துச் செல்வதால் 3 முதல் 5. மீதி, உப்பைக் கைவிட்டதும் மாவுச்சத்தைக் குறைத்ததும் வெயிலும் சேர்ந்து செய்தவை. மனித உடலில் இவை இப்படிக் கூட்டல் கணக்காகவே நடக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் தனித்தனியே சிறியவை சேர்ந்து எவ்வளவு பெரிய சரிவாகின்றன என்று காண இது போதும்.

கொழுப்புத் திசு சும்மா கிடக்கும் சுமை இல்லை. ரத்தக் குழாயைச் சுருக்கும் ஆஞ்சியோடென்சின் உருவாவதற்கான மூலப்பொருளை அதுவும் சுரக்கிறது. லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரந்து, அழுத்தத்தை ஏற்றும் பரிவு நரம்புகளை முடுக்கிவிடுகிறது. குறட்டையோடு மூச்சுத் தடைபடும் உறக்கக் கோளாறைக் கூட்டி, அதன் வழியாகவும் அழுத்தத்தை ஏற்றுகிறது. கொழுப்பு கரையும்போது இவை அத்தனையும் தளர்கின்றன.

மாவுச்சத்தைக் குறைத்தால் ரத்தத்தில் இன்சுலின் குறையும். இன்சுலின் இருக்கும்வரை சிறுநீரகம் உப்பைப் பிடித்துவைக்கும், குறைந்ததும் விட்டுவிடும். கல்லீரலிலும் தசையிலும் சேமித்த மாவுச்சத்தான கிளைகோஜனோடு சேர்ந்திருக்கும் நீரும் போகும். டயட்டின் முதல் இரண்டு வாரத்தில் எடைக்கருவி காட்டும் மகிழ்ச்சியில் பெரும்பகுதி இந்த நீர்தான். தொடக்கத்திலேயே தலைசுற்றல் வருவதும் இதனால்தான்.

இவ்வளவு உப்பு வெளியேறும் உடலில் ஹைட்ரோகுளோரோதயசைடு மேலும் உப்பை வெளியேற்றிக்கொண்டிருந்தது. அது சிறுநீரகத்தின் இன்னொரு திறனையும் கெடுக்கும்: மிகுதியான தண்ணீரை நீர்த்த சிறுநீராகப் பிரித்து அனுப்பும் திறன். அந்த நிலையில் ஐந்து லிட்டர் வெறும் தண்ணீர் குடித்தால் சோடியம் 130க்கு இறங்குவதில் வியப்பில்லை. தலைசுற்றல் வரவர இவர் இன்னும் அதிகமாகத் தண்ணீர் குடித்திருக்கிறார், சோடியம் இன்னும் நீர்த்துப் போயிருக்கிறது. தாகத்துக்குத் தண்ணீர், இழந்த உப்புக்கு உப்பு. ஒன்று இன்னொன்றின் இடத்தை நிரப்பாது.

கிரியாட்டினின் ஏறியதற்கான விடை அந்த முட்டி வலி மாத்திரையில் இருக்கிறது. டெல்மிசார்ட்டான் சிறுநீரக வடிகட்டியிலிருந்து வெளியேறும் குழாயைத் தளர்த்துகிறது. அசெக்ளோஃபெனாக் உள்ளே வரும் குழாயைச் சுருக்குகிறது. சிறுநீர் பெருக்கி மாத்திரை மொத்த ரத்த அளவையே குறைக்கிறது. மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் வடிகட்டிக்கு அழுத்தம் கிடைக்காது. பிரஷர் மாத்திரை எடுப்பவருக்குச் சீட்டில்லாமல் வலி மாத்திரை விற்பதை நிறுத்தச் சொல்லி எத்தனை முறை எழுதினாலும் தகும்.

வேறு நோய் இல்லை என்று எப்படி உறுதியானது

இங்கே எடை குறைந்தது இவர் முயன்று குறைத்ததால். முயற்சியே இல்லாமல் எடையும் குறைந்து, ரத்த அழுத்தமும் குறைந்தால் கதை முற்றிலும் வேறு. அப்போது முதலில் நினைக்க வேண்டியது சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பியின் குறைபாடு. அதன் அடையாளங்கள்: பசியின்மை, வாந்தி, தீராத அசதி, உப்பின் மேல் ஏக்கம், உள்ளங்கை ரேகைகளிலும் ஈறுகளிலும் கருமை, சோடியம் குறைந்து பொட்டாசியம் கூடுவது. காசநோய் அட்ரீனலைத் தாக்குவது நம் நாட்டில் இன்னமும் முக்கியக் காரணம். மூட்டு வலிக்கோ மூச்சிரைப்புக்கோ மாதக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட்டுத் திடீரென நிறுத்தியவருக்கும் இதே நிலை வரும். பெயர் ஒட்டாத பொட்டலப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்பதால் அதையும் கேட்க வேண்டும். இவருக்குப் பொட்டாசியம் குறைவு, கருமை இல்லை, அட்ரீனல் சுரக்கும் கார்டிசால் காலை எட்டு மணிக்கு 17 மைக்ரோகிராம். 3க்குக் கீழே இருந்திருந்தால் குறைபாடு ஏறத்தாழ உறுதி, இடைப்பட்டிருந்தால் ஊசி போட்டுப் பார்க்கும் தூண்டல் சோதனை தேவைப்பட்டிருக்கும். தைராய்டு இயல்பு. கறுப்பாக மலம் போகவில்லை என்பதையும் கேட்டுத் தெளிந்தாயிற்று, ஏனெனில் வலி மாத்திரையால் குடலில் ரத்தம் கசிந்தாலும் நின்றதும் அழுத்தம் இப்படித்தான் சரியும்.

கொழுப்பு எரியும்போது ரத்தத்தில் சேரும் கீட்டோனைப் பார்த்தது வேறொரு காரணத்துக்காக. டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரையோடு மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்தால், சர்க்கரை அதிகம் ஏறாமலேயே ரத்தம் அமிலமாகும் ஆபத்து உண்டு. குளுக்கோமீட்டர் நல்ல எண் காட்டுவதால் அது பெரும்பாலும் தாமதமாகவே பிடிபடுகிறது. வாந்தி, வயிற்று வலி, வேகமான மூச்சு வந்தால் சர்க்கரை 150 என்றாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். இவருக்குக் கீட்டோன் 0.9, பைகார்பனேட் 23. தப்பித்தார். அந்த மாத்திரையையும் இந்த உணவு முறையையும் ஒரே வாரத்தில் தொடங்கியிருக்கவே கூடாது.

செய்தது

மூன்றும் கலந்த பிரஷர் மாத்திரை அன்றே நிறுத்தப்பட்டது. சிறுநீர் பெருக்கியை மட்டும் எடுத்துவிட்டு மற்ற இரண்டைத் தொடர்ந்திருக்கலாமே என்று கேட்கலாம். நின்ற அளவு 84, கிரியாட்டினின் ஒன்றரை மடங்கு என்ற நிலையில் டெல்மிசார்ட்டானையும் தற்காலிகமாக நிறுத்துவதே பாதுகாப்பு. அம்லோடிபினின் அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம், 30 முதல் 50 மணி. நிறுத்தினாலும் அதன் வேலை ஒரு வாரத்துக்கு மேல் மெல்ல மெல்லத்தான் அடங்கும். ஆகவே மறுநாளே அழுத்தம் எகிறும் என்ற பயம் தேவையில்லை, மறுநாளே தலைசுற்றல் நின்றுவிடும் என்ற எதிர்பார்ப்பும் கூடாது.

டாபாகிளிஃப்ளோசினும் அசெக்ளோஃபெனாக்கும் நிறுத்தம். முட்டிக்குப் பாராசிட்டமால். மெட்ஃபார்மின் சிறுநீரகம் தேறும்வரை ஒத்திவைப்பு.

வாந்தி இல்லாததால் ஊசி வழித் திரவம் வேண்டியிருக்கவில்லை. உலக சுகாதார நிறுவன அளவில் தயாரித்த ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை ஒரு லிட்டர் நீரில் முழுவதும் கரைத்து, நாளுக்கு ஒரு லிட்டர் வீதம் மூன்று நாள். அதில் 13.5 கிராம் குளுக்கோஸ்தான் இருக்கிறது, சர்க்கரை நோயாளிக்குக் கணக்கு வைத்துக் கொடுக்கலாம். கடையில் அட்டைப் பெட்டியில் கிடைக்கும் இனிப்புப் பானங்கள் இதற்கு ஈடல்ல. வெறும் தண்ணீர் தாகத்துக்கேற்ப இரண்டு லிட்டர் அளவில் நின்றது. சாப்பாட்டில் உப்பு நாளுக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி மட்டமாக. அதற்குமேல் உப்பைக் கொட்டவில்லை. எட்டு ஆண்டாக உயர் ரத்த அழுத்தம் உள்ளவருக்கு மாத்திரையை வைத்துக்கொண்டே உப்பை ஏற்றுவது ஒரே வண்டியில் பிரேக்கையும் ஆக்ஸிலேட்டரையும் சேர்த்து மிதிப்பது. சோடியம் 24 மணி நேரத்தில் 8க்கு மேல் ஏறாதபடி பார்த்துக்கொள்வதும் அவசியம். மறுநாள் எடுத்த சோதனையில் 133.

மாத்திரை உடம்பிலிருந்து விலகும்வரை விழாமல் இருக்க வேண்டுமே. எழும் முன் கட்டில் விளிம்பில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து பாதத்தை மேலும் கீழும் அசைப்பது. கிறுகிறுப்பு தொடங்கினால் கால்களைக் கத்திரி போல் பின்னித் தொடையையும் பிட்டத்தையும் இறுக்குவது, முடியாவிட்டால் அந்த இடத்திலேயே குந்திவிடுவது. இரவில் ஆணும் உட்கார்ந்தே சிறுநீர் கழிப்பது. வெந்நீர்க் குளியலும் எண்ணெய்க் குளியலும் சில நாள் ஒத்திவைப்பு. கழிவறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் போடாமல் இருப்பது.

பத்தாம் நாள் உட்கார்ந்து 118/74, நின்ற மூன்றாம் நிமிடம் 112/74. சோடியம் 136, பொட்டாசியம் 4.0, கிரியாட்டினின் 1.0. மெட்ஃபார்மின் மீண்டும் தொடங்கியது. மூன்றாம் வாரம் வீட்டில், சரியான பட்டையில், 128/82 வரை ஏறத் தொடங்கியது. அப்போது டெல்மிசார்ட்டான் 20 மி.கி. மட்டும் தனி மாத்திரையாகத் திரும்பி வந்தது. மூன்றில் அதைத் தேர்ந்ததற்குக் காரணம் சிறுநீரில் கசிந்த அந்த அல்புமின். தொடங்கிய இரண்டாம் வாரத்தில் கிரியாட்டினினும் பொட்டாசியமும் மறுபடி பார்க்கப்பட்டன, இரண்டும் இயல்பு. மூன்றாம் மாதம் எடை 77, அழுத்தம் 122/78, எச்பிஏ1சி 6.1. உணவு முறை நிறுத்தப்படவில்லை. ஒருவேளைக்கு ஒரு கைப்பிடி சோறும் பயறும் சேர்த்து, கடுமை மட்டும் தளர்த்தப்பட்டது.

மற்றவர்களுக்கு

ஒரே மாத்திரையில் மூன்று மருந்து என்பது தவறாமல் சாப்பிட வசதியானது. ஆனால் எடை இறங்கிவரும் காலத்தில் அதைப் பாதி உடைத்தால் மூன்றும் சேர்ந்தே குறையும், வேண்டியதை மட்டும் எடுக்க முடியாது. எடைக் குறைப்பு தொடங்கும் முன்பே தனித்தனி மாத்திரைகளாக மாற்றச் சொல்லிக் கேட்கலாம். பிரிட்டனில் நடந்து 2017இல் வெளியான டைரக்ட் ஆய்வில், நாளுக்கு 825 முதல் 853 கலோரி மட்டும் தரும் உணவைத் தொடங்கிய முதல் நாளிலேயே சர்க்கரை மாத்திரைகளோடு பிரஷர் மாத்திரைகளையும் நிறுத்தினார்கள். அழுத்தம் மீண்டும் ஏறியவர்களுக்குத் திரும்பக் கொடுத்தார்கள். அது கண்காணிப்போடு நடந்த ஆய்வு, வீட்டில் தானாகச் செய்யும் காரியம் அல்ல. ஆனாலும் மருந்து மறுபரிசீலனைக்கு நாள் குறிக்கும்போது நாட்காட்டியைவிட எடைக்கருவியைப் பார்ப்பது மேல். ஐந்து கிலோ இறங்கினால் ஒருமுறை, நின்ற நிலை அளவோடு. எடையைக் குறைக்கும் செமாக்ளுடைடு, டிர்செபடைடு ஊசி போடுபவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். குமட்டலால் சாப்பாடும் தண்ணீரும் சேர்ந்தே குறையும், எடையும் வேகமாக இறங்கும்.

தானாக நிறுத்தக் கூடாத மாத்திரைகள் உண்டு. மெட்டோபிரோலால், அட்டெனோலால் வகையும் குளோனிடினும் திடீரென நின்றால் நாடியும் அழுத்தமும் எகிறும். அவற்றைப் படிப்படியாக இறக்க வேண்டும். புரோஸ்டேட்டுக்குக் கொடுக்கும் டாம்சுலோசினும் நின்றதும் அழுத்தத்தைச் சரிக்கும். அது பிரஷர் மாத்திரை இல்லை என்பதால் பிரஷர் பார்க்கும் மருத்துவரிடம் பலர் சொல்வதே இல்லை.

மாத்திரையே இல்லாமல் எடை குறைத்து, 95/60 வந்து, தலைசுற்றலும் இல்லாதவருக்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ஆனால் அதோடு ஓய்வில் நாடி 50க்குக் கீழே, எப்போதும் குளிர், முடி கொட்டுவது, பெண்களுக்கு மாதவிலக்கு நிற்பது என்று சேர்ந்தால் அது பட்டினி நிலை. உடல் செலவைச் சுருக்கிக்கொண்டிருக்கிறது, இதயத் தசையும் மெலியத் தொடங்கியிருக்கலாம். இளம்பெண்களிடம் இதை நல்ல கட்டுப்பாடு என்று பாராட்டிவிடுகிறோம். அங்கே உப்புக் கரைசல் தீர்வாகாது, உணவைக் கூட்ட வேண்டும், மருத்துவ மேற்பார்வையில் மெதுவாக.

எந்த முன்னறிகுறியும் இல்லாமல் மயங்குவது, நடக்கும்போதோ உடற்பயிற்சியின் நடுவிலோ மயங்குவது, நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், கறுப்பு மலம், குழப்பமான பேச்சு, தலையில் அடிபட்ட பின் வாந்தி: இவற்றில் ஒன்று இருந்தாலும் மாத்திரைக் கணக்கு பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். போகும்போது சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும், மெடிக்கலில் வாங்கிய வலி மாத்திரை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.